ரோஜாப்பூ நிற ஒயில்

சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது. கியரைப் போட்டார். இன்னும் உறுமியது. காலை நன்றாக அமுக்கினார். பக்கத்து வீட்டுக் கோழிகள் மதிலுக்கு மேலே பறந்தன. கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

மஹ்மூத் இறங்கிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாலு சக்கரமும் இருந்தன. எவனும் கழற்றிக்கொண்டு போகவில்லை. அவருக்கு முதலில் வந்த சந்தேகம் அதுதான்.

"குல்சும்! கார் போகுதில்ல!"

உம்மு குல்சும் அகப்பையும் கையுமாகக் குசினி வாசலுக்கு வந்தாள். "எங்க போகுதில்ல?"

"எங்கயும் போகுதில்ல!"

"இப்ப அதுல கை வெக்காதீங்க, அடுத்த கிழம பாப்பமெண்டு நான் எத்தின தரம் சொன்னேன்?"

"அடுத்த கிழம எண்டா ஸுமைராவ எதுல கூட்டிட்டு வாற? ஒன்ட அகப்பையிலயா?"

விசயம் இதுதான். மகள் ஸுமைராவுக்குத் தலைப்பிரசவம். அக்குறணையில் மாப்பிள்ளை வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வர நாள் குறித்தாகிவிட்டது. "எங்கட வேன்லயே கொண்டாந்து விடுறோமே" என்று சம்பந்தி ரஸீன் ஹாஜியார் நல்ல மனதோடுதான் சொன்னார். மஹ்மூத்துக்குச் சுருக்கென்றது. "என்ட மகள் என்ட கார்லதான் வருவா" என்றார். அதை ஒரு கலியாண வீட்டுச் சஹனில், ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடும்போது சொல்லித் தொலைத்தார். ஆறு பேருக்கும் வாயில் புரியாணி; காது சும்மாதான் இருந்தது. இனி அந்தப் பேச்சை விழுங்க முடியாது.

தூரப் பயணம். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றும் வண்டி. அதனால் காருக்கு ஒயில் மாற்றிவிட்டார். அவரே மாற்றினார். வேறு யாரை நம்புவது?

கெலிஓயா பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த மனிதர் மஹ்மூத். வாழ்நாள் முழுக்கத் தராசைப் பார்த்த கண். மனிதர்களையும் அப்படியேதான் பார்க்கும். பாண் வாங்கினால் கையில் தூக்கிப் பார்ப்பார். முடி வெட்டப் போனால் கண்ணாடியில் முகத்தைப் பார்க்க மாட்டார், கத்தரிக்கோலைத்தான் பார்ப்பார். பேராதனை ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ரத்தம் எடுத்தபோது, "மிச்சம் வாற ரத்தத்த என்ன செய்றீங்க?" என்று கேட்டு நேர்ஸைத் திகைக்க வைத்தவர்.

அப்படிப்பட்டவர் கராஜ்காரனை நம்புவாரா? காரை உள்ளே விட்டால் நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழசைப் பூட்டுவான் என்பது அவர் முடிவு. கண்ணால் கண்டதில்லை. கண்டால்தானா?

ஆகவே இந்தச் சின்னக் காரை வாங்கிய நாளிலிருந்து ஒயில் மாற்றுவது அவர்தான். கிளச் இல்லாத ஜப்பான் கார். கிளச்சே இல்லாத காருக்குள் அதிகம் என்ன இருந்துவிடப் போகிறது என்பது அவர் கணக்கு. சாக்கை விரித்துக் கீழே படுப்பார். அடியில் ஒரு நட் இருக்கும். அதைக் கழற்றினால் ஒயில் வழியும். ரோஜாப்பூ நிறத்தில் வழியும்.

"பாத்தியா? கராஜ்ல மாத்துற காருக்கெல்லாம் கரி மாதிரிக் கறுப்பா வரும். நம்மட கார் ஒயிலப் பாரு, சர்பத்து மாதிரி! அவ்வளவு சுத்தமா வெச்சீக்கிறேன்" என்று ஒவ்வொரு வருசமும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவள் ஒவ்வொரு வருசமும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவாள்.

பிறகு மேலே பொனட்டைத் திறந்து புது ஒயிலை ஊற்றுவார். ஊற்றியதும் காரை எழுப்பக் கூடாது. ஒரு ராத்திரி படுக்க விட வேண்டும். அப்பத்துக்கு மாவு ஊறுவது போல ஒயிலும் ஊற வேண்டும். முதலில் இதைச் சொன்னது உம்மு குல்சும்தான். மஹ்மூத் யோசித்துப் பார்த்தார், நியாயமாகப் பட்டது. இப்போது அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பாகிவிட்டது. மறுநாள் ஸுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால், பூனைக்குட்டி மாதிரிக் கார் மெல்லச் சத்தம் போடும்.

இந்த முறையும் எல்லாம் அப்படியேதான் செய்தார். அதே நட், அதே நிறம், ஒரு ராத்திரி ஊறலும் ஆயிற்று. வெள்ளிக்கிழமை ஸுபஹு தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். பூனைக்குட்டியைக் காணோம், புலி இருந்தது.

"ஒயில் பத்தல்ல போல" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"கழட்டிப் பாத்தாத் தெரியும்."

சாக்கை விரித்துக் கீழே புகுந்தார். அதே நட்டைக் கழற்றினார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"யா அல்லாஹ்! நேத்து ஊத்தின ஒயில் எங்க போச்சு? குல்சும், ராத்திரி கேட்டப் பூட்டினியா?"

"பூட்டித்தான் ஈந்திச்சி. ஒயில் களவெடுக்க ஆரு வாற?"

"களவெடுக்கிறவன் சொல்லிட்டா வருவான்?"

பொனட்டுக்குள் ஒயில் பார்க்கும் கம்பி ஒன்று இருந்தது. அதை இழுத்துப் பார்த்தார். கோட்டையும் தாண்டிக் கைப்பிடி வரைக்கும் ஒயில் நனைந்திருந்தது. மஹ்மூத் அந்தக் கம்பியை மேலும் கீழும் பார்த்தார். கீழே சொட்டில்லை, மேலே கம்பி நிறைந்திருக்கிறது. இரண்டில் ஒன்று பொய். நட் பொய் சொல்லாது, அதை அவர் கையாலேயே கழற்றியிருக்கிறார். கம்பியை ஜப்பான்காரன் செய்தான்.

மறுபடியும் ஒரு கான் ஒயில் வாங்கி வந்து முழுவதையும் ஊற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று சாவியைத் திருப்பினார்.

முதலில் வெள்ளையாக ஒரு கோடு வந்தது. பிறகு நீலமாக வந்தது. பிறகு கார் தெரியவில்லை, வீடு தெரியவில்லை, வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையே தெரியவில்லை.

புகைக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு ருக்கியாவின் குரல் மட்டும் வந்தது. "மஹ்மூத் நானா! டெங்குக் கொசுக்குப் பொக அடிக்க வந்தீக்கிறாங்களோண்டு எல்லாக் கதவயும் தெறந்து வெச்சேன்! நீங்களா?"

"கார் கொஞ்சம் இருமுது, அவ்வளவுதான்!"

"இருமல் இல்ல நானா இது, கடைசி மூச்சு! கொடில காயப்போட்ட வெள்ளச் சீலையெல்லாம் சாம்பலாப் போச்சு!"

உம்மு குல்சும் அடுப்படி மூலையில் நின்று கைப்போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கு கோல்?"

"தெல்தோட்டையில ஒரு ஆளுக்கு. ரிங் போகுதில்ல."

"தெல்தோட்டையில நமக்கு ஆரு?"

"தைக்கிற ஆளு. பிஞ்ச உடுப்புகள் ஈக்கே, தைக்கோணும்" என்றாள் அவள், காரைப் பார்த்தபடியே.

சனிக்கிழமை விடிந்தது. ஸுபஹு தொழுதுவிட்டு நம்பிக்கையோடு வந்து சாவியைத் திருப்பினார். புகை வந்தது. கார் நகரவில்லை. மஹ்மூத்துக்கு மனம் விட்டுப்போயிற்று. ஒரு ராத்திரி அல்ல, இரண்டு ராத்திரி ஊறியிருக்கிறது! இரும்புக்கும் இப்போது நன்றியில்லை.

யோசித்தார். என்ஜின் உறுமுகிறது. ஆகவே என்ஜினில் பிழையில்லை. போக மாட்டேன் என்பது சக்கரம். ஆகவே பின்சக்கரத்தில் பிரேக் இறுகியிருக்க வேண்டும்.

ஜாக்கை எடுத்தார். எங்கே வைப்பது என்று குனிந்து பார்த்தார். ஓரத்தில் கனமான இரும்பு ஒன்று தெரிந்தது. அங்கே வைத்தால் கார் சரிந்து விழும் என்று தோன்றியது. நடுவில் அகலமாக, தட்டையாக, நல்ல இடம் இருந்தது. அங்கே வைத்துச் சுற்றினார். சுற்றச் சுற்ற ஜாக் உயர்ந்தது. கார் உயரவில்லை.

"இங்க பாருங்க!" என்று உம்மு குல்சும் கத்தினாள். "கார் ஸீட்டுக்குக் கீழ என்னமோ பொங்குது!"

கதவைத் திறந்து பார்த்தார். காலடியில் விரித்திருந்த கம்பளம், வட்டலப்பம் வெந்து எழும்புவது போல மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. ஜாக் காரின் தரையைக் குடைந்து மேலே வருகிறது.

அவசரமாக ஜாக்கை இறக்கினார். ஜாக் இறங்கியது. மேடு இறங்கவில்லை.

"தகரம்! தகரத்துல செஞ்சு தந்தீக்கிறான்! இப்ப வெளங்குதா நான் ஏன் ஒருத்தனயும் நம்புறதில்லண்டு?"

"வெளங்குது, வெளங்குது. நீங்க கொஞ்சம் இருங்களேன். ஒரு பிளேன்டி குடிங்க. இண்டைக்கு முழுக்கக் குடிங்க."

அவர் கேட்டால்தானே. சக்கரத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டால் இறுக்கம் விடும் என்று நினைத்தார். கேட்டைத் திறந்து வைத்தார். பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லைக் காலால் தள்ளினார். கைபிரேக்கை இறக்கிவிட்டு, முன்பக்கம் வந்து கையால் ஒரு தள்ளுத் தள்ளினார்.

கண்டிப் பக்கத்து முற்றங்கள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தட்டையான நிலத்தை இங்கே யாரும் விற்பதில்லை.

கார் பின்னோக்கி நகர்ந்தது. மஹ்மூத்துக்கு முதலில் சந்தோசம். "பாத்தியா, போகுது!" என்றார். அடுத்த நிமிசம் அது ஆளில்லாமல் கேட்டைத் தாண்டிப் போனது. "நில்லு! நில்லுடா!" என்று கயிறறுத்த ஆட்டைத் துரத்துவது போலப் பின்னால் ஓடினார். கார் ஒழுங்கைக்குக் குறுக்கே திரும்பி, ருக்கியாவின் மதிலில் பின்பக்கத்தை மெல்லச் சாய்த்துக்கொண்டு நின்றது. மதிலுக்கும் ஒன்றுமில்லை, காருக்கும் ஒன்றுமில்லை. ஒழுங்கைதான் இல்லாமல் போயிற்று.

மேலே போக வந்த த்ரீவீல்கள் கீழே நின்றன. கீழே போக வந்தவை மேலே நின்றன. நடுவில் பாட்டுப் போட்டுப் பாண் விற்கும் வண்டி மாட்டிக்கொண்டது. அந்தப் பாட்டை நிறுத்தும் சுவிட்ச் உடைந்திருந்ததால் அது ஓயாமல் பாடிக்கொண்டே இருந்தது. சனம் கூடியது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் பெற்றோல் இல்லை என்றார். ஒருவர் கண்ணூறு என்றார். பாண்காரன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பணிஸ் பெட்டியைத் திறந்து வியாபாரத்தைத் தொடங்கினான்.

ருக்கியா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "நானா, நேத்து பொக வந்திச்சி, இண்டைக்கு காரே வந்திட்டு. நாளைக்கு நீங்களும் வாறீங்களா? சோறு கூட ஆக்கணும், அதான் கேட்டேன்."

"கராஜ்காரன் ஒருத்தனக் கூப்பிடுங்களேன்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"கூப்பிட்டா அவன் ஒரு சாமானத் திருத்தி ரெண்டு சாமானத் தூக்கிட்டுப் போவான்! மூணு வருசமா இந்தக் காருல ஒரு கராஜ்காரன்ட கையும் பட்டதில்ல. பட விடவும் மாட்டேன்!"

கடைசியில் பணிஸ் தின்று முடித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து காரை முற்றத்துக்குத் தள்ளி ஏற்றினார்கள்.

பொழுது சாயும் நேரம் சம்பந்தி கோல் எடுத்தார்.

"நானா, நாளைக்கு எப்பிடி? ஒங்கட கார் பத்தி ஏதோ கேள்விப்பட்டேன். வேணுமெண்டா வேன அனுப்பட்டா?"

அக்குறணை வரைக்கும் கேட்டிருக்கிறது அந்தப் புகை! "என்னத்துக்கு வேன்? கார் ஸேர்விஸ் முடிஞ்சு மணி மாதிரி நிக்குது. காலையில வந்திருவேன்" என்றார் மஹ்மூத். சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து வெகுநேரம் எழும்பவில்லை.

"இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சிட்டு அங்க போற? வேன்ல கொண்டாந்து விட்டா, பொண்டாட்டியப் பெத்தவனால ஒரு வண்டி வரவழைக்க ஏலல்லண்டு மாப்பிள்ளை நினைக்க மாட்டானா? புள்ள என்னய நம்பி உடுப்பெல்லாம் கட்டி வெச்சீக்கும், குல்சும்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

உம்மு குல்சும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய கைப்போன் அடித்தது. பார்த்தாள். எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கே போய்விட்டாள். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"ஆரு, அந்தத் தையல்காரியா?"

"ஓ. ஊருக்கு வந்து சேந்தாச்சாம். நீங்க கவலப்படாமச் சாப்பிட்டுப் படுங்க. காரும் படுக்கட்டும். மூணாவது ராத்திரியில ஊறிரும்."

ஞாயிற்றுக்கிழமை பாங்கு சொல்வதற்கு முன்பே அவள் அவரை எழுப்பிவிட்டாள். தொப்பியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"தொழுதிட்டு ஓடி வராதீங்க. சூரியன் நல்லா வாற வரைக்கும் பள்ளியிலேயே ஈந்து புள்ளைக்காக துஆ கேளுங்க. அவசரப்பட்டா ஏத்துக்கொள்ளப்படாது."

மஹ்மூத் துஆ கேட்டார். மகளுக்காகக் கேட்டார், பிறக்கப் போகும் பிள்ளைக்காகக் கேட்டார். கடைசியில் கொஞ்சம் வெட்கத்தோடு காருக்காகவும் கேட்டார். பிறகு வெயிலேறும்போது காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு வந்தார்.

முற்றம் கழுவியிருந்தது. பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

பூனைக்குட்டி!

புகையில்லை. கியரைப் போட்டார். கார் வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. பிரேக்கை அமுக்கினார், நின்றது. குனிந்து காலடியைப் பார்த்தார். வட்டலப்பம் அமுங்கித் தரை தட்டையாகக் கிடந்தது.

"குல்சும்! ஊறிட்டு!"

"நான் சொன்னேனே" என்றாள் அவள்.

"தரையும் சமமாப் போச்சு பாரு! இரும்பு சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். ராத்திரி நல்ல பனி. இதெல்லாம் கராஜ்காரனுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டான்!"

அன்றைக்கு அக்குறணை வரைக்கும் அவர் கார் ஓட்டின ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேராதனைப் பாலத்தில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு கண்ணாடியை இறக்கி ஸலாம் சொன்னார். கண்டி டவுனில் நெரிசலில் நின்றபோதுகூட அவர் முகம் சுளிக்கவில்லை. நின்ற கார் மறுபடி புறப்படுவதைப் பார்ப்பதே அவருக்குப் பெருநாளாக இருந்தது. சம்பந்தி வீட்டு வாசலில் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். ஒரு தரம் போதும். இரண்டாவது, அந்தப் புரியாணிச் சஹனுக்கு.

ஸுமைரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து பின்ஸீட்டில் ஏறினாள். "வாப்பா, கார் ஆடவே இல்ல. தொட்டில் மாதிரி ஈக்கி" என்றாள் வழியில். மஹ்மூத் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

முறைப்படி சம்பந்தி வீட்டார் பலகாரத் தட்டுகளோடு வேனில் பின்னாலேயே வந்தார்கள். வீடு நிறைந்தது. ருக்கியாவும் வந்து ஸுமைராவைக் கட்டிப்பிடித்தாள். முற்றத்தில் கதிரைகளைப் போட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். காரும் கேட்டோரத்தில், எல்லாருக்கும் தெரியும்படி நின்றது.

"உண்மையாவா நானா? நீங்களே தனியாவா இதெல்லாம் பாக்கிற?" என்று ரஸீன் ஹாஜியார் கேட்டார்.

"வேற ஆரு? ஒயில் ரோஜாப்பூ நிறத்துல வரும். வாழ்க்கையில கண்டீக்கிறீங்களா? ஊற வெக்கிறதுலதான் எல்லாம் ஈக்கி."

"அப்ப எங்கட வேனயும் ஒருக்காப் பாத்துத் தாங்களேன்."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த உம்மு குல்சும் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். "அல்லாஹ்வே! அது பெரிய வாகனம். வேணாம்!"

"ஏன் வேணாம்? பெரிசெண்டா ரெண்டு கான் கூட ஊத்துற, அவ்வளவுதானே" என்றார் மஹ்மூத்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு ஒரு ஆள் உள்ளே வந்தான். நடுத்தர வயது, தாடி, நெற்றியில் திருநீறு, தோளில் ஒரு பை. எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான். நேரே காரிடம் போனான்.

"தம்பி, நீங்க நாளைக்கு வாங்களேன்" என்று உம்மு குல்சும் அவசரமாக எழும்பினாள். கண்ணாலும் ஏதோ சொன்னாள். அவன் கவனிக்கவில்லை. பொனட்டில் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆரு நீங்க?" என்றார் மஹ்மூத்.

"நான் தெல்தோட்டை கராஜ் கணேஸுங்க, மொதலாளி. சபரிமலைக்குப் போயிட்டு நேத்துத்தான் வந்து எறங்குனேன். வண்டி தூரம் ஓடுன பெறகு கியர் ஒயில் சரியா நிக்குதான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கராஜா?" மஹ்மூத் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "கைய எடுங்க! ஆரு ஒங்களுக்குச் சொன்ன? மூணு வருசமா இந்தக் காருல ஒரு கராஜ்காரன்ட கையும் பட்டதில்ல! நான் ஒருத்தனயும் நம்புறதில்ல!"

கணேஸ் கையை எடுத்தான். கோபப்படவில்லை. அவர் சொன்னதைப் பெரிதும் ஆமோதிப்பவன் போலத் தலையை ஆட்டிக்கொண்டு கிட்டே வந்து சொன்னான்:

"நம்பக் கூடாதுதான் மொதலாளி, மூணு வருசமா நீங்க காலைல பள்ளிக்குப் போனதும் அம்மா போன் பண்ணி என்னைய வரச் சொல்லி, எவனோ ரோசாப்பூ நெற கியர் ஒயில வெளியேத்திட்டு, நெறஞ்சிருக்கிற என்ஜினுக்குள்ள புது ஒயில ஊத்தி வச்சதத்தான் திருத்திட்டுப் போறேன் — ஒங்க காருக்கு ஒயில் மாத்துறானே ஒருத்தன், அவன மட்டும் இனிமே வீட்டுப் பக்கமே சேக்காதீங்க!"